சௌந்தர்யா அழுத்திய ஓரம்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என்னிடம் யாரும் கதை கேட்கவில்லை. கேட்டது ஒரு நோட்டீஸ்.

சத்துவாச்சாரியில் எங்கள் எதிர்வீட்டில் விஜயகுமாரி இருக்கிறார். வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் தீக்காய வார்டு நர்ஸ். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லமாட்டேன், வேலூரில் ஆஸ்பத்திரிக்கா பஞ்சம். தெரு முழுக்க அவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறது. அவருடைய மாமனாரும் அப்படித்தான் கூப்பிடுகிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நான் பேப்பரும் காபியுமாக உட்கார்ந்திருந்தபோது கேட்டைத் திறந்துகொண்டு வந்தார்.

"அண்ணா, நீங்கதான் கதை கிதையெல்லாம் எழுதுறீங்களே. எங்க வார்டு சுவத்துல ஒட்ட ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. பேஷண்ட் கழுத்துல இருக்கிற லைனை வீட்டாளுங்க தொடக்கூடாது. அவ்ளோதான் மேட்டர். ஜாஸ்தி வேணாம்."

அந்தக் 'கிதை' எனக்குச் சுருக்கென்றது. முப்பது வருஷமாக எழுதுகிறவனைப் பார்த்துக் கிதை என்கிறாரே, ஒரு பக்கத்தில் இவரை அழவைத்துக் காட்டுகிறேன் என்று உள்ளே போய்ப் பேனாவை எடுத்தேன். அழுதது யார் என்பது பின்னால் தெரியும்.

2

என் முதல் தொடக்கம் இது:

'தோல் என்பது உடலின் கோட்டைச் சுவர். தீ அச்சுவரை இடித்துவிடும்போது, இடிபாடுகளின் ஊடே எதிரிப் படைகள் —'

சிஸ்டர் குறுக்கே சிவப்பு மையில் கோடு போட்டார். பக்கத்தில் ஒரு குறிப்பு: 'கோட்டையைப் பார்க்கணும்னா ஜனங்க பஸ் ஏறிக் கோட்டைக்குப் போவாங்க.'

இரண்டாவது தொடக்கம்:

'அன்பார்ந்த உறவினர்களே! மைய நாளக் குழாயிலிருந்து பரவும் குருதித் தொற்றைத் தவிர்ப்பதில் தங்களின் பங்கு —'

'எனக்கே புரியல' என்று எழுதியிருந்தார்.

மூன்றாவது:

'வானத்தில் கருமேகங்கள் திரண்டு —'

(இதை நானே அடித்துவிட்டேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன், என் மனைவி பார்த்துவிட்டாள்.)

வேறு வழியில்லாமல் சிஸ்டரிடமே கேட்டேன். "சும்மா தொடாதே தொடாதேன்னா யார் கேப்பாங்க? நெசமா யாராவது தொட்டு ஏதாவது ஆச்சா?"

சிஸ்டர் கேட்டின் தாழ்ப்பாளைப் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார்.

"ஒரு பொண்ணு. தொட்டான்னு கூட சொல்ல முடியாதுண்ணா. ஒட்டினா."

அந்த இடத்தில் நோட்டீஸ் செத்தது. கதை பிறந்துவிட்டது என்று எழுத ஆசைதான். ஆனால் கதை பிறக்கவில்லை, தொந்தரவு பிறந்தது.

3

இங்கே கதை கொஞ்சம் நிற்கும். அவசரக்காரர்கள் தாவிக் குதித்து நான்காம் பகுதிக்குப் போகலாம். போனால் பின்னால் நடப்பது எதுவும் புரியாது, அதனால் போகாதீர்கள்.

லைன் என்றால் என்ன? கழுத்தில் இருக்கிற பெரிய ரத்த நாளத்துக்குள் மெல்லிய குழாய் ஒன்றைச் செலுத்தி, தையல் போட்டு நிறுத்தி, மேலே கண்ணாடி போன்ற ஓர் ஒட்டு (ட்ரெஸ்ஸிங்) போடுகிறார்கள். மருந்து, சலைன் எல்லாம் அதன் வழியாகத்தான் போகும். இரண்டு கையும் வெந்துபோனவருக்கு வேறு எங்கே ஊசி குத்துவது? குழாயின் மறுமுனை இதயத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. வெளியிலிருந்து ஒரு கிருமி அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கினால் நடுவில் தடுக்க யாரும் கிடையாது, நேரே ரத்தம்தான். தீக்காயக்காரருக்கு எதிர்த்து நிற்கத் தெம்பும் இருக்காது.

அதனால் அந்த வார்டில் லைனைத் தொடுவதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும் கை சுத்தம். மருந்து ஏற்றும் குழாய் வாயைப் பதினைந்து விநாடி ஸ்பிரிட்டால் தேய்த்து, காயவிட்டு, பிறகுதான் ஊசி. தினமும் காலையில் ஒருவர் "இன்னிக்கும் இது தேவையா?" என்று கேட்டே ஆகவேண்டும், தேவையில்லாத லைன் ஒரு நாள் கூட இருக்கக்கூடாது. முக்கியமாக, ஒட்டின் ஓரம் எங்கேயாவது தூக்கிக்கொண்டால் அதை முழுசாக எடுத்துப் போட்டு, தோலைச் சுத்தம் செய்து, புது ஒட்டுப் போடவேண்டும். தூக்கிய ஓரத்தை அப்படியே அழுத்திவிட்டால்? திருடன் உள்ளே இருக்கும்போது வெளியே பூட்டின கதை.

(சிஸ்டரின் சிவப்பு மை: 'திருடன் இருக்கட்டும். கோட்டைக்கு இது தேவலாம்.')

4

சிஸ்டர் சொன்னது ஒரே வரி. அப்புறம் துணுக்குத் துணுக்காகக் கொஞ்சம். மிச்சமெல்லாம் நான் இட்டுக்கட்டியது.

அந்தப் பெண்ணுக்கு முதலில் முத்துமாரி என்று பெயர் வைத்தேன். இரண்டு பக்கம் வரை அப்படியே ஓடியது. எதைச் சொன்னாலும் அழுதுகொண்டே இருந்தாள், கதை நகரவில்லை. சௌந்தர்யா என்று மாற்றியதும் மூக்கைச் சிந்திவிட்டு எதிர்த்துப் பேச ஆரம்பித்தாள். ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள்.

சௌந்தர்யாவுக்கு இருபத்தொன்பது வயது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஒன்பது வருஷமாக ஒட்டுகிற பிரிவில் வேலை. ஷூவின் மேல்பாகத்துக்கும் அடிப்பாகத்துக்கும் சொல்யூஷன் தடவி, இரண்டையும் சேர்த்து, ஓரம் முழுக்கக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வரவேண்டும். (சொல்யூஷன் என்றால் பசைதான். ஆனால் அங்கே பசை என்று சொன்னால் போஸ்டர் ஒட்டுகிறவன் என்று நினைத்துவிடுவார்கள்.) ஓரம் இம்மியளவு தூக்கியிருந்தாலும் போயிற்று. செக்கிங்கில் இருக்கும் வக்கார் அகமது அந்த ஷூவைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, "யார் கை இது?" என்று ஹால் முழுக்கக் கேட்கும்படி கேட்பார். ஒன்பது வருஷத்தில் சௌந்தர்யாவின் ஷூ மூன்று முறை அப்படி உயர்ந்தது. மூன்று முறையும் அவள் சொன்ன பதில், "நான் இல்ல சார்." அந்த ஹாலில் யாரைக் கேட்டாலும் முதலில் அதுதான் வரும். சொல்லிவிட்டு அப்புறம்தான் ஷூவைப் பார்ப்பார்கள்.

நாலாவது முறை உயர்ந்ததில்லை. அவள் கட்டைவிரல் அவளைக் கேட்காமலே வேலை செய்யக் கற்றுக்கொண்டுவிட்டது. எங்கே ஓரம் தூக்கியிருந்தாலும் அங்கே போய் நிற்கும். பள்ளிக்கூட நோட்டின் லேபிள், பஸ் சீட்டின் முதுகில் ஒட்டியிருக்கும் விளம்பரம், கேஸ் அடுப்பின் மேலிருக்கும் ஸ்டிக்கர், ஒன்றையும் விடாது. ஒரு கல்யாணத்தில் நாத்தனார் முகத்துக்கு நேரே பேசிக்கொண்டிருந்தபோது, பேச்சுக்கு நடுவில் அந்த அம்மாளின் ஸ்டிக்கர் பொட்டை அழுத்திவிட்டாள். நெற்றியில் குத்திவிட்டாள் என்று இரண்டு வருஷம் பேச்சுவார்த்தை இல்லை.

அவள் புருஷன் மதியழகன் வேறொரு தோல் தொழிற்சாலையில் பாய்லர் பக்கம் வேலை செய்பவன். நீராவிக் குழாயின் மூட்டு விட்டுப்போனதில் மார்பு, வயிறு, இரண்டு கை எல்லாம் வெந்துவிட்டது. வேலூருக்குக் கொண்டுவந்து பதினோராவது நாள் கதை தொடங்குகிறது. பிழைப்பான் என்று அதற்கு முந்தின நாள்தான் முதல் முறையாகச் சொல்லியிருந்தார்கள்.

5

புதன்கிழமை மதியம்.

சாப்பாடு ஊட்ட ஒருவரை உள்ளே விடுவார்கள். சௌந்தர்யா கவுன் போட்டுக்கொண்டாள், தொப்பி, மாஸ்க். வாசலில் தொங்கும் புட்டியை அமுக்கி, விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு என்று சொல்லிக்கொடுத்தபடியே தேய்த்தாள். இதிலெல்லாம் அவளிடம் குறை சொல்ல முடியாது.

"காலையில எத்தினி முட்டை?"

"மூணு. இப்போ மூணு. சாயங்காலம் ரெண்டாம். கோழிங்கல்லாம் ஒண்ணா சேர்ந்து என் மேல கேஸ் போடப்போவுது."

"பேசாம சாப்டு மாமா. முட்டை துன்னாத்தான் தோல் வளருமாம், சிஸ்டர் சொன்னாங்க."

"தோல்தானே? எங்க கம்பெனிக்கு ஒரு ஃபோன் போடு. ஸ்டாக் எவ்ளோ கெடக்குது."

பதினோரு நாளில் அவன் ஜோக் அடித்தது அன்றுதான் முதல் முறை. சௌந்தர்யாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அந்தச் சந்தோஷத்தில் கவுனுக்குள் கையை விட்டு ஃபோனை எடுத்தாள். மகள் தமிழினிக்கு முன்பல் விழுந்திருந்தது. போட்டோவில் ஈ என்று இளித்துக்கொண்டிருந்தாள்.

"அடிப்பாவி, பல்லு எங்க?" என்று மதியழகன் சிரித்தான். சிரித்தபோது கழுத்து திரும்பியது. வியர்வையில் ஊறிய அந்தக் கண்ணாடி ஒட்டின் கீழ் ஓரம், இரண்டு அரிசி நீளத்துக்கு, தூக்கிக்கொண்டிருந்தது.

ஃபோனைப் பிடித்திருந்த அதே கைதான். கட்டைவிரல் போயிற்று. நடுவிலிருந்து வெளிப்பக்கமாகக் காற்றைத் தள்ளி, ஓரத்தில் ஒரு இழுப்பு, நகத்தால் ஒரு சீவல். மொத்தம் நாலு விநாடி.

"இன்னா?"

"ஒண்ணுமில்ல. ஓரம்."

(இந்த இடத்தில் நான் கதைக்குள் கையை விட்டு அவள் மணிக்கட்டைப் பிடித்திருக்கலாம். 'சௌந்தர்யா அழுத்தப் போனாள், அதற்குள் சிஸ்டர் வந்துவிட்டார்' என்று ஒரு வரி எழுதினால் முடிந்தது. எழுதியும் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது, கதை மட்டும் காணாமல் போய்விட்டது. அடித்துவிட்டேன். ஒரு கதைக்காக ஒருத்தன் கழுத்தைக் காட்டிக்கொடுக்கிற ஆள் நான் என்பதை நீங்களும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.)

6

வியாழக்கிழமை சிஸ்டர் விஜயகுமாரி ஒட்டைப் பார்த்தார். ஓரம் நன்றாக இருக்கிறதா என்ற கட்டத்தில் டிக் போட்டார். நன்றாகத்தான் இருந்தது. சௌந்தர்யா ஒட்டினால் வக்கார் அகமதுவே கண்டுபிடிக்க மாட்டார், சிஸ்டர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

வெள்ளிக்கிழமை காலை மதியழகனுக்கு நூற்றிரண்டு காய்ச்சல். குளிரில் கட்டில் ஆடியது. முட்டையைப் பற்றி ஜோக் எதுவும் வரவில்லை.

தீக்காயக்காரருக்குக் காய்ச்சல் வருவது வழக்கம்தான். புண்ணிலிருந்து வரலாம், நெஞ்சிலிருந்து வரலாம், லைனிலிருந்தும் வரலாம். எதிலிருந்து என்று தெரிவதுதான் கஷ்டம். சிஸ்டர் வெளியே வந்து சௌந்தர்யாவைக் கூப்பிட்டார்.

"கழுத்து லைனை யாராவது தொட்டீங்களா?"

"நான் இல்ல சிஸ்டர்."

கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது.

"தொட்டிருந்தா சொல்லிடும்மா, திட்டமாட்டேன். லைன்ல கிருமி ஏறியிருந்தா லைனை எடுத்தாத்தான் காய்ச்சல் எறங்கும். வுட்டுட்டோம்னா ரத்தம் பூரா போயிடும். அப்புறம் ஆளைப் புடிக்க முடியாது."

"இல்ல சிஸ்டர்."

சிஸ்டர் உள்ளே போய்விட்டார். சௌந்தர்யா பெஞ்சில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் புதன்கிழமை ஞாபகத்துக்கு வந்தது. கட்டைவிரலை மற்ற நான்கு விரலுக்குள் வைத்து மூடிக்கொண்டாள்.

சொன்னால் என்ன ஆகும்? இனிமேல் உள்ளே விடமாட்டார்கள். அவனுக்கு ஊட்ட ஆள் இருக்காது. பொண்டாட்டியே தொட்டுக் கெடுத்துவிட்டாள் என்று ஊர் பேசும், மாமியார் பேசுவாள், நாத்தனார் பொட்டில் ஆரம்பித்துப் பேசுவாள். சொல்லாவிட்டால்? டாக்டருக்குத் தெரியாதா, அத்தனை படித்தவர் பார்த்துக் கண்டுபிடிக்க மாட்டாரா என்று நினைத்துக்கொண்டாள். கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்தாள். மூடியதும் உட்கார்ந்தாள். ஒன்பது மணியிலிருந்து பதினொன்று வரை இதுதான் நடந்தது. நான் மூன்று பக்கம் எழுதி வைத்திருந்தேன், சிஸ்டர் குறைக்கச் சொன்னார்.

பதினொரு மணிக்குப் பெரிய டாக்டர் ஷபீ அஹமது, பின்னால் ஏழெட்டு மாணவர்களுடன் வந்தார். தோல் வைக்கும் ஆபரேஷனைப் பற்றிச் சொல்ல சௌந்தர்யாவையும் உள்ளே கூப்பிட்டார்கள். கவுனைப் போட்டுக்கொண்டு கட்டிலின் கால்மாட்டில் நின்றாள்.

டாக்டர் குனிந்து கழுத்தைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"இங்க பாருங்கப்பா. திங்கக்கிழமை போட்ட ட்ரெஸ்ஸிங். நம்ம வார்டு புழுக்கத்துக்கு ரெண்டே நாள்ல ஓரம் தூக்கிடும். இது அஞ்சாவது நாள். ஒரு குமிழ் இல்ல, ஒரு சுருக்கம் இல்ல. லைன் பக்கம் பிரச்சினை இருக்காது. லைன் இருக்கட்டும், புண்ணைப் பாப்போம். யார் போட்டது சிஸ்டர்?"

"நான்தான் சார்."

"பிரமாதம். எல்லாரும் ஒரு போட்டோ எடுத்துக்குங்க. ட்ரெஸ்ஸிங்னா இப்படி இருக்கணும்."

எட்டு ஃபோன்கள் மதியழகனின் கழுத்தை நோக்கி நீண்டன. சிஸ்டர் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார். கால்மாட்டிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அது நான் ஒட்டினது சார்."

யாருக்கும் புரியவில்லை. சௌந்தர்யா விளக்கினாள். காற்றில் கட்டைவிரலை நீட்டிச் செய்தே காட்டினாள். "ஓரத்துல காத்து நிக்கக்கூடாது சார். நடுவுல இருந்து இப்படித் தள்ளிக்கினு வரணும். கடைசில நகத்தால ஒரு சீவு. அப்போதான் குமிழ் வராது. சிஸ்டரு போட்டது தூக்கிடுச்சு, புதங்கெழமை நான்தான்..."

கட்டைவிரல் அப்படியே நின்றது. என்ன சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று அவளுக்கே அப்போதுதான் கேட்டது.

ஃபோன்கள் ஒவ்வொன்றாக இறங்கின. டாக்டர் மெதுவாகக் கேட்டார். "கை கழுவிட்டுத் தொட்டியாம்மா?"

"உள்ள வரும்போது தேச்சேன் சார். அப்புறம் ஃபோன் எடுத்துட்டேன்."

"லைனை எடுத்துடுங்க," என்றார் டாக்டர். "இப்பவே."

7

அவள் ஏன் சொன்னாள்?

இதில் எனக்கும் சிஸ்டருக்கும் ஒரு வாரம் சண்டை. 'புருஷன் மேல் உள்ள பாசத்தால், மனசாட்சி உறுத்தி உண்மையைச் சொன்னாள் என்று எழுதவும்' என்று சிவப்பில் அடிக்கோடிட்டுக் கொடுத்தார். எழுதிப் பார்த்தேன்:

'சௌந்தர்யாவின் கண்களில் நீர் திரண்டது. அவளுள் ஒரு பெரும் போராட்டம் —'

முடியவில்லை. மனசாட்சிக்கு ஒன்பதிலிருந்து பதினொன்று வரை இரண்டு மணி நேரம் கொடுத்தேனே, அது என்ன செய்தது? எழுந்து எழுந்து உட்கார்ந்ததுதான் மிச்சம். தன் கை செய்த வேலைக்கு இன்னொருவர் பாராட்டு வாங்குவதைப் பார்த்ததும் பொறுக்கவில்லை. ஒன்பது வருஷமாக "யார் கை இது?" என்று திட்டுவதற்கு மட்டுமே கேட்ட காதுக்கு, முதல் முறையாக ஒருவர் மெச்சிக் கேட்டார். நான் இல்லை என்று சொல்ல வாய் வருமா?

அவளையே கேட்டேன். (பாத்திரத்தைக் கேட்பது என் வழக்கம், பாதி நேரம் பதில் வராது.) இந்த முறை வந்தது. "எனக்கே தெரியல சார். வயிறு எரிஞ்சிது. வாய் தொறந்துக்கிச்சு. பாசம் இல்லன்னு மட்டும் எழுதிடாதீங்க, செருப்பு பிஞ்சிடும்."

ஆகவே இரண்டும் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாசம் இரண்டு மணி நேரமாக உள்ளே தள்ளிக்கொண்டிருந்த கதவை ரோஷம் வந்து ஒரே உதையில் திறந்துவிட்டது.

சிஸ்டர், "நான்தான் சார்" என்ற வரியையும் எடுத்துவிடச் சொன்னார். வார்டில் எல்லாரும் படிப்பார்களாம். சரி என்றேன். மறுநாள் காலை பால் வாங்கப் போகும்போது கேட்டுக்கு வெளியே நின்று சொன்னார்.

"இருக்கட்டும்ணா, அந்த வரி. நானும் பார்த்தேனே. ஓரம் நல்லா இருக்குதான்னு பார்த்து டிக் போட்டேன். நாலாவது நாள்ல எப்படி இவ்ளோ நல்லா இருக்குதுன்னு யோசிக்கல."

சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டார். எனக்குத்தான் கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது. கிதை எழுதுகிறவனுக்கு இதெல்லாம் ஆகும்.

8

அரை மணி நேரத்தில் கழுத்து லைனை எடுத்தார்கள். ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்பினார்கள். வேகாத தொடைப் பக்கம் புது லைன் போட்டு, மருந்தை மாற்றினார்கள். கிருமி உண்டா, எது என்று தெரிய இரண்டு நாள் ஆகும்.

சௌந்தர்யா மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு பெஞ்சில் இருந்தாள். சிஸ்டர் வந்தார்.

"எங்க கெளம்பிட்ட?"

"இனிமே உள்ள வுடமாட்டீங்கல்ல சிஸ்டர்?"

"முட்டை யார் ஊட்டுவா? நாளைக்கு மதியம் வந்துடு. ஃபோனைத் தொட்டா மறுபடியும் கை தேய். ஓரம் தூக்கியிருந்தா அந்த வெரலை மடக்கி வச்சுக்கினு என்னைக் கூப்பிடு. உன் கண்ணுக்குத் தெரியற ஓரம் எங்க கண்ணுக்குத் தெரியல, அதுதான் நெசம்."

இனி முடிவு. முடிவு எனக்குத் தெரியும். சிஸ்டர் சொல்லிவிட்டார். இரண்டு விதமாகவும் எழுதி வைத்திருக்கிறேன், ஒன்று நடந்தது, ஒன்று நடக்காதது.

மதியழகன் பிழைத்துக்கொண்டான் என்று எழுதினால், அடுத்த மாதம் அதே வார்டில் யாரோ ஒருவர், 'அந்தப் பொண்ணு ஒட்டினாளே, ஒண்ணும் ஆகலையே' என்று ஓரத்தை அழுத்துவார். இறந்துபோனான் என்று எழுதினால், அடுத்த சௌந்தர்யா அதைப் படித்துப் பயந்துபோய் "நான் இல்ல சிஸ்டர்" என்று சொன்னவள் சொன்னபடியே இருந்துவிடுவாள். எதை எழுதினாலும் யாரோ ஒருவர் கழுத்துக்கு ஆபத்து. இதை நான் விளக்கியபோது சிஸ்டர் முதல் முறையாகச் சிவப்புப் பேனாவை மூடி வைத்தார்.

அதனால் முடிவை உங்களிடம் விடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியம். லேபிலிருந்து தாள் வந்துவிட்டது. நாலாக மடித்து உங்கள் கையில் கொடுத்திருக்கிறார்கள். எதிரில் சௌந்தர்யா எழுந்து நிற்கிறாள், உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. நீங்கள் பிரித்துப் பார்க்கலாம். அதற்கு முன்னால் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவேண்டும், தாளில் என்ன எழுதியிருந்தாலும் பொய்யாகிவிடாத ஒரு வார்த்தை. மூன்று நாள் யோசித்தேன். "நீ சொன்னது நல்லதும்மா" என்பதற்கு மேல் எனக்கு எதுவும் வரவில்லை. உங்களுக்கு வந்தால் அதையே சொல்லுங்கள். சீக்கிரம் சொல்லுங்கள், அவள் உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.